குருத்து ஒன்றே: நகரத்து வீட்டில் பனைக் குடும்பம்

மாமரத்தின் கிளையை வெட்டினால் பக்கத்திலேயே இரண்டு துளிர் வரும். முருங்கையை மொட்டையாக வெட்டிப் போட்டாலும் அடுத்த மழைக்கு எழுந்து நிற்கும். தென்னையின் தலை போனால் அவ்வளவுதான், மரம் முடிந்தது. பனைக்கும் பாக்குக்கும் அதே கதிதான். உச்சியில் இருக்கிற ஒற்றைக் குருத்துதான் மொத்த உயிரும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: மற்ற மரங்கள் கூட்டுக் கணக்கு, இவை ஒரே கையெழுத்துக் கணக்கு. அந்தக் கையெழுத்து போனால் மாற்றுக் கையெழுத்து கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு மதுராந்தகம் பக்கம் கொஞ்சம் நிலத்தில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். வீடு அடையாறில். அதனால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதி நண்பர்கள் அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிட்டு மரத்தைக் காட்டுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "சார், இது என்ன மரம்?" "இந்தச் சந்துல வைக்கலாமா?" "நல்லா இருந்த மரம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" மூன்றுக்கும் விடை அந்த ஒற்றைக் குருத்தில்தான் இருக்கிறது. பனைக் குடும்பத்தில் நட்ட பிறகு திருத்திக்கொள்ள வழி குறைவு. ஆகவே எது என்று தெரிந்து, இடம் பார்த்து நட வேண்டும். நட்ட பின் காயப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

நம் வாசகர்களில் பலர் இன்னும் நகரத்தில் இருந்துகொண்டு, பிறகு நிலம் வாங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள். நாளைக்கு நூறு தென்னை வைக்கப்போகிறவருக்கு, வீட்டுப் பின்புறத்தில் ஒரு தென்னையும் இரண்டு பாக்கும் நல்ல பயிற்சி.

மரமா, புல்லா?

வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல் இனம். இன்றைய தாவரவியலும் இவற்றை நெல், மூங்கிலோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றுதான் சொல்கிறது. பனையைப் பிளந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வெளிச்சுற்று இரும்பு மாதிரி, நடுவில் சோறு.

இதிலிருந்து தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, பருமன். வேம்பும் மாவும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். தென்னையும் பனையும் அப்படி இல்லை. நட்ட முதல் சில ஆண்டுகள் மேலே எழாமல் அடியிலேயே தூரைப் பருக்க வைக்கும். தூர் திரண்ட பிறகுதான் உயரம் போகும். அந்தச் சில ஆண்டுகளில் சோறும் தண்ணீரும் குறைந்தால், பின்னால் எவ்வளவு உரம் கொட்டினாலும் அடி பருக்காது. தென்னந்தோப்பில் சில மரங்கள் நடுவில் இடுப்பு சிறுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்தில் மரம் இருந்த காலத்தில் பஞ்சம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மரமே வைத்திருக்கிற பாஸ்புக் அது.

இரண்டாவது, காயம். மற்ற மரங்களில் ஆணி அடித்தால் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். பனைக் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. இன்று அடித்த ஆணித் துளை இருபது வருஷம் கழித்தும் துளையாகவே இருக்கும். ஏறுவதற்குப் படி வெட்டுவது, கேபிள் ஒயர் கட்ட ஆணி அடிப்பது, விளம்பரத் தகடு மாட்டுவது எல்லாமே நிரந்தரக் காயம்.

மூன்றாவது, வேர். "வேர் சுவரைப் பிளந்துடுமே" என்று பயந்து தென்னையை வெட்டச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். ஆல், அரசு மாதிரி இவற்றின் வேர் பருப்பதில்லை. விரல் கனத்துக்கு ஏராளமான வேர்கள் தூரிலிருந்து கிளம்பும். கடைசிவரை அந்தக் கனம்தான். நல்ல அடித்தளத்தை இது தூக்கிப் பிளக்காது. ஏற்கெனவே விரிசல் விட்ட குழாய்க்குள் நுழையும், அது வேறு விஷயம். சுவருக்குப் பக்கத்தில் தென்னை கூடாது என்பதற்குக் காரணம் வேரில் இல்லை, மேலே விரிகிற மட்டையில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பெயரை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள்

கடன் கொடுக்கும் முன் ஆள் யார் என்று பார்ப்பது மாதிரி, நடுவதற்கு முன் செடி எது என்று பார்க்க வேண்டும். உலகத்தில் பனைக் குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நாம் அத்தனையையும் படிக்க வேண்டியதில்லை. ஐந்து கேள்வி போதும்.

ஒன்று: இலை விசிறியா, இறகா, மீன்வாலா? பனை விசிறி. தென்னை, பாக்கு, ஈச்சை மூன்றும் இறகு. கூந்தல்பனையின் இலைத்துண்டு மட்டும் மீன்வால் போலக் கத்தரித்த மாதிரி இருக்கும். அதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

இரண்டு: இறகு இலை என்றால், கீற்றின் அடிப்பகுதி எப்படி மடிந்திருக்கிறது? அதன் மேல் மழைத்துளி விழுந்தால் வாய்க்கால் மாதிரி தேங்குமா, கூரை மாதிரி வழிந்துவிடுமா என்று பாருங்கள். வாய்க்கால் மடிப்பு என்றால் அது ஈச்சை இனம்: பேரீச்சை, காட்டு ஈச்சை, சிற்றீச்சை. கூரை மடிப்பு என்றால் தென்னை, பாக்கு, மற்ற அலங்கார வகைகள். விசிறிப் பனைகளையும் கூந்தல்பனையையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இது பெரும்பாலும் நம்பக்கூடிய அடையாளம்.

மூன்று: முள் இருக்கிறதா, எங்கே? ஈச்சையில் மட்டையின் அடிப்பக்கக் கீற்றுகளே முள்ளாக மாறியிருக்கும். பனையில் மட்டையின் இரு விளிம்பும் ரம்பம், அதுதான் கருக்கு. தென்னை, பாக்கு இரண்டிலும் முள்ளே இல்லை.

நான்கு: தண்டுக்கும் இலைகளுக்கும் நடுவே பச்சையாக, வழவழவென்று ஒரு குழல் இருக்கிறதா? பாக்கு, ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் ஆகியவற்றில் இருக்கும். தென்னையில் இருக்காது, அங்கே மட்டையின் அடியில் பன்னாடை சுற்றியிருக்கும். பச்சைக் குழல் உள்ளவை காய்ந்த மட்டையைத் தானாகவே கழற்றிப் போடும். பாக்குமட்டைத் தட்டு செய்கிறோமே, அது அந்தக் குழலின் ஒரு சுற்றுதான்.

ஐந்து: பாளை எங்கிருந்து வருகிறது? தென்னையிலும் பனையிலும் இலைக்கக்கத்தில், அதாவது கொண்டைக்குள்ளிருந்து. பாக்கிலும் ராயல் பாமிலும் பச்சைக் குழலுக்குக் கீழே, மட்டை கழன்ற இடத்தில். கூந்தல்பனையில் முதல் பாளை உச்சியில் வந்து, அடுத்தடுத்தது கீழே கீழே வரும். கடைசிப் பாளை காய்த்து முடிந்ததும் அந்த மரம் பட்டுவிடும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்க வேண்டாம். அதன் ஆயுள் அவ்வளவுதான்.

கன்றாக இருக்கும்போதுதான் குழப்பம் அதிகம். அப்போதும் முதல் இலை சொல்லிவிடும். பாக்குக் கன்றின் முதல் இலை நடுவில் பிளந்து இரண்டு காது மாதிரி இருக்கும். தென்னையின் முதல் சில இலைகள் பிளக்காமல் ஒரே அகலத் தகடாக இருந்து, பிறகு கீற்றாகப் பிரியும். ஈச்சை, பனை இரண்டின் முதல் இலையும் பட்டை நாடா மாதிரி நிமிர்ந்து நிற்கும். பனையுடையது கூடுதல் அகலமாக, மடிப்பு மடிப்பாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். இது தெரியாமல் காலி மனையில் தானாக முளைத்த பனங்கன்றைக் கோரைப் புல் என்று பிடுங்க முயன்று, வராமல் வெட்டிவிடுகிறார்கள்.

நர்சரிப் பெயர்களின் வேடிக்கை

தியாகராய நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கவாட்டுச் சுவர் ஓரம் 'அரிகா பாம்' வரிசையாக வைத்திருந்தார்கள். "அஞ்சு வருஷமாச்சு, இன்னும் பாக்கு வரலையே சார்" என்று அங்கே ஒரு அம்மா கேட்டார். இனியும் வராது. அரிகா என்பது தாவரவியலில் பாக்கு மரத்தின் பெயர்தான். ஆனால் நர்சரியில் அரிகா பாம் என்று விற்கும் மஞ்சள் தண்டுப் புதர் மடகாஸ்கரிலிருந்து வந்த வேறு இனம். அலங்காரத்துக்கும் மறைப்புக்கும் நன்றாக இருக்கும். வெற்றிலைக்குத் துணை வராது. பாக்கு ஒற்றைத் தண்டு, இது கொத்துக் கொத்தாக வரும். அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது பாட்டில் பாம். மொரீஷியஸ் பக்கத்துத் தீவைச் சேர்ந்த குள்ள மரம். அடி பாட்டில் மாதிரி உப்பி, நாலைந்து இலையோடு நிற்கும். கியூபாவைச் சேர்ந்த ராயல் பாமும் சின்ன வயதில் அடி உப்பித் தெரியும். குள்ளம் என்று நினைத்து கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ராயல் பாமை வைத்துவிட்டால், அது மூன்று மாடி தாண்டிப் போய், கிலோக் கணக்கில் எடையுள்ள மட்டையைச் சொல்லாமல் கொள்ளாமல் கீழே போடும். ராயல் பாம் வீட்டு மரமே இல்லை. அகலச் சாலைக்கும் பெரிய வளாகத்துக்கும் உரியது.

பெயரில் மட்டும் பனை இருக்கிற சிலவும் உண்டு. சைகஸ் என்கிற செடியை 'சாகோ பாம்' என்று விற்கிறார்கள். அது பனையும் இல்லை, பூக்கும் தாவரமே இல்லை. கூம்பு விடும் மிகப் பழைய இனம். அதன் விதை கடும் விஷம். குழந்தைகள், நாய் இருக்கிற வீட்டில் இதைத் தெரிந்தே வைக்க வேண்டும். 'டிராவலர்ஸ் பாம்' என்கிற விசிறிவாழையும் பனை இல்லை. தாழையும் இல்லை.

காலடி மண் எது?

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று இன்றும் பெயர் இருப்பது அதனால்தான். அங்கே இரண்டு மூன்று அடி தோண்டினால் ஏரிக் களிமண் வர வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். மயிலாப்பூரின் கடலோரத் தெருக்களிலும் அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்திலும் மணல். தண்ணீர் நிற்காது, உரமும் நிற்காது. கடலை நெருங்க நெருங்கக் கிணற்றில் உப்பு ஏறும். எங்கே இருந்தாலும் மூன்றாவது ஒன்று உண்டு: பழைய கட்டடத்தை இடித்த செங்கல், சுண்ணாம்பு, சிமெண்டுக் கட்டி. அடுக்குமாடி எழுந்த மனைகளில் மேல் மண் பெரும்பாலும் இதுதான். முதலில் மூன்றடி தோண்டிப் பாருங்கள். கன்று வாங்குவது பிறகு.

களிமண்ணில் பள்ளம் ஆழமாக எடுத்தால் கன்று குளத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அங்கே மணலும் மக்கிய எருவும் கலந்து, தரைமட்டத்துக்குச் சற்று மேலே மேடாக்கி நடுவது நல்லது. மணற்பாங்கில் நேர் எதிர். 3 அடிக்கு 3 அடி குழி எடுத்து, அடியில் தேங்காய் மட்டைகளைக் கிண்ணம் மாதிரி குழிவுப் பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்காக வைத்து, அதன் மேல் மண்ணும் எருவும் நிரப்பினால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இடிபாட்டு மண் என்றால் அள்ளி வெளியே போட்டுவிட்டு நல்ல மண் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி கிடையாது.

எந்த இடத்துக்கு எந்த மரம்?

தென்னை: வளர்ந்த நெட்டை மரத்தின் மட்டை 15 அடிக்கு மேல் நீளும். தோப்பில் 25 அடி இடைவெளி விடுவது இதற்காகத்தான். நம் வீடுகளில் பக்கவாட்டில் விடுகிற ஐந்தடி இடத்தில் தென்னையை வைத்தால், அது வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். காய் அங்கே விழும், சண்டை இங்கே வரும். சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, வெயில் படும் இடம் இருந்தால் மட்டும் தென்னை. இளநீருக்கு என்றால் சௌகாட் ஆரஞ்சு குட்டை போன்ற குட்டை ரகம். பறிக்க ஆள் தேடி அலைய வேண்டிய தொல்லை சில வருஷம் தள்ளிப்போகும். சமையலுக்கும் நீண்ட ஆயுளுக்கும் கிழக்குக் கரை நெட்டை. கன்று 9 முதல் 12 மாத வயது, ஆறு இலைக்குக் குறையாமல், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உயரமாக, ஒல்லியாக நிற்பதை விட்டுவிட்டுக் குட்டையாக, தடியாக இருப்பதை எடுங்கள். நடும்போது காய் மூடினால் போதும். கழுத்தில் மண் ஏறக் கூடாது.

பாக்கு: ஐந்தடிச் சந்துக்கு ஏற்ற மரம் இதுதான். இலை 5, 6 அடிதான், தண்டு ஒல்லி. இளம் வயதில் நிழல் விரும்பும். கட்டடத்தின் நிழல் தென்னைக்குப் பகை, பாக்குக்கு நட்பு. வீட்டின் கிழக்கு, வடக்குப் பக்கம் வையுங்கள். மேற்குப் பக்கம் வைத்தால் சென்னையின் சித்திரை, வைகாசி மாலை வெயிலில் தண்டு வெந்து வெடிக்கும். அங்கே வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் வாழை வைத்து நிழல் உண்டாக்கிவிட்டுப் பிறகு பாக்கு. நன்றாகப் பழுத்த காயைத் தோலோடு புதைத்தாலே முளைக்கும். ஒன்று ஒன்றரை வருஷக் கன்றை நடலாம். மண் காயவே கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் பையில் கன்று வளர்த்து, நிலம் உள்ள நண்பருக்குக் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்கு நல்ல நாற்றங்கால் வேலை.

பனை: நம் மாநில மரம், நகரத்தில் அரிதாகிக்கொண்டே வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கமும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதும் அறிவிக்கப்பட்டன. வெட்டாமல் காப்பது ஒரு பாதி. வைப்பது மறு பாதி. கொண்டை 10, 12 அடிதான் விரியும். வெயில் வேண்டும், தண்ணீர் பெரிதாகக் கேட்காது. ஆனால் பனை முளைக்கும் விதமே வேறு. விதையிலிருந்து முளை முதலில் கீழே இறங்கி, மண்ணுக்குள் கிழங்காகத் திரளும். இலை பிறகுதான் வெளியே வரும். அதனால் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது பெரும்பாலும் தோல்வி. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நேரடியாகப் புதைத்துவிட வேண்டும். அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மூலையில் இரண்டடி மண்மேடு போட்டு இருபது கொட்டை புதைத்தால், பொங்கலுக்குப் பனங்கிழங்கு வீட்டிலேயே கிடைக்கும். பாளை விட 12 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆண்பனையா பெண்பனையா என்பது அப்போதுதான் தெரியும். தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்று சொலவடை. அறுபதைத் தாண்டிய எனக்கு அது நன்றாகவே புரிகிறது. பள்ளி, கோயில் நிலம், பூங்கா, ஏரிக்கரை என்று நம் ஆயுளைத் தாண்டி நிற்கிற இடங்களுக்குப் பனையைக் கொடுங்கள்.

சிற்றீச்சை: கிழக்குக் கரைக் குறுங்காடுகளின் மண்ணின் செடி. குட்டை, புதர், வறட்சி தாங்கும், முள் இருப்பதால் வேலியோரத்துக்கு ஏற்றது. சின்னக் கருப்புப் பழத்தைக் குழந்தைகளும் பறவைகளும் சாப்பிடலாம். அலங்காரத்துக்கு என்று வெளிநாட்டுச் செடி வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கூந்தல்பனை: இலங்கையில் கித்துள் என்று சொல்லி இதிலிருந்து பாணியும் கருப்பட்டியும் எடுக்கிறார்கள். பெரிய தோட்டம் இருந்தால் வைக்கலாம். பழச்சாறு தோலில் பட்டால் கடும் அரிப்பு வரும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வேண்டாம்.

தண்ணீரும் உணவும்

பழைய மயிலாப்பூர் வீடுகளில் கிணறு, துவைக்கிற கல், அதை ஒட்டி வாழை, அதற்கு அப்பால் தென்னை. யாரும் தென்னைக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தானாகப் போனது. வீடு அடுக்குமாடியானதும் அந்தத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குப் போய்விட்டது. மரத்தின் தூர்வரை சிமெண்டு போட்டாகிவிட்டது. பிறகு "காயே வரலை" என்கிறோம்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு ஆறேழு மாதம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்க்கும் தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டராவது தேவை. குளியலறைத் தண்ணீரைக் கல்வாழை வைத்த ஒரு சின்ன மணல் குழி வழியாக விட்டுத் தென்னைக்குத் திருப்பலாம். தூரைச் சுற்றி ஆறடி வட்டம் திறந்திருக்கட்டும்; முடியாவிட்டால் மூன்றடியாவது. அந்த வட்டத்தில் காய்ந்த கீற்று, தேங்காய் மட்டை, சருகு கொண்டு மூடாக்கு. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கிடைத்தால் அடுப்புச் சாம்பல். ஆடி, ஆவணியில் பாதி, மார்கழி, தையில் பாதி.

ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். தென்னை மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை 'சுத்தம் செய்கிறேன்' என்று வெட்டினால் ஒரு குலைக்குச் சோறு போடுகிற கையை வெட்டுகிறோம். பாளையின் கரு அது வெளியே வருவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே ஒரு கோடையில் தண்ணீர் இல்லாமல் விட்டால் குரும்பை அந்த வருஷமே கொட்டும். பாளை குறைவது இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். அதற்குள் நாம் அந்தக் கோடையை மறந்திருப்போம்.

எதிரி எங்கே வளர்கிறது?

விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டின மாதிரி இருந்தால் அது காண்டாமிருக வண்டு. இது மரத்தில் முட்டையிடுவதில்லை. மக்கும் சாணக் குப்பையிலும் அழுகும் தென்னந்தண்டிலும்தான் இடும். நகரத்தில் ஒரு வீட்டை இடிக்கும்போது தென்னையை வெட்டித் துண்டு போட்டு மூலையில் மாதக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தண்டு அழுகி, தெரு முழுக்க உள்ள தென்னைகளுக்கு வண்டு அனுப்பும். வெட்டிய தண்டைப் பிளந்து வெயிலில் காயப்போடுங்கள், அல்லது அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

இயற்கை விவசாயிகளான நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. நம் எருக்குழியே அதன் தொட்டில். புழு வண்டாக மாற நான்கைந்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடிப் புழுக்களைப் பொறுக்கினால் போதும். கோழி இருந்தால் அதற்கு விருந்து. மெட்டாரைசியம் பூஞ்சையை எருக்குழியில் கலந்துவிடலாம். மரத்தில், மேலே உள்ள மூன்று மட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் அளவில் போடுங்கள். குருத்தில் ஓட்டையும் மென்ற நாரும் தெரிந்தால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது சிவப்புக் கூன்வண்டு. இது காயத்தின் வாசனைக்கு வரும். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டை, ஆணித் துளை, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டிய வெட்டு எல்லாம் இதற்குத் திறந்த கதவு. உள்ளே போனால் சோற்றைத் தின்று குருத்துக்கே போய்விடும். தண்டில் பழுப்பு நீர் வடிவது, காது வைத்துக் கேட்டால் கரகரவென்று சத்தம் வருவது அடையாளம். மரம் ஏறுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணே, காய்ஞ்சதை மட்டும் எடுங்க. பச்சையை வெட்டியே ஆகணும்னா நாலு அடி விட்டு வெட்டுங்க." அந்த நாலடி காய்ந்து போவதற்குள் வண்டு தண்டை அடையாது.

நடுக்குருத்தை மெல்ல இழுத்தாலே கையோடு வந்து, நாற்றம் அடித்தால் குருத்தழுகல். மழைக்காலத்தில், அதுவும் தண்ணீர் நிற்கும் இடத்தில் அதிகம். ஆரம்பத்திலேயே அழுகியதைச் சுரண்டி எடுத்துப் போர்டோ பசை தடவினால் சில மரங்கள் பிழைக்கும். முளைநுனி அழுகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

2016-இல் தமிழ்நாட்டுக்குள் வந்த சுருள் வெள்ளை ஈயால் மட்டையின் கீழே வெள்ளைச் சுருளும், மேலே கரும்பூசணமும் படியும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் இது மரத்தை உடனே கொல்வதில்லை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். என்கார்சியா என்கிற சின்னக் குளவி இந்த ஈயைத் தின்று கட்டுப்படுத்துகிறது. விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். வேர் வழியாக விஷம் கட்டும் பழக்கம் இருந்த ஊர் இது. அந்த மரத்தின் இளநீரை யார் குடிக்கப்போகிறார்கள் என்பதை ஒரு நிமிஷம் நினைத்தால் போதும்.

புயல் பற்றி ஒரு வார்த்தை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கிளை பரப்பும் அலங்கார மரங்களுக்குத்தான் சேதம் அதிகம். அதற்காகத் தென்னை சாயாது என்று எண்ண வேண்டாம். 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் தென்னந்தோப்புகளையே படுக்க வைத்தது. வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: புரட்டாசி முடிவதற்குள் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள், தூரைச் சுற்றி மண் கரைந்து வேர் தெரிந்தால் மண் அணையுங்கள், தூரை ஒட்டிக் குழாய்க்காகப் பள்ளம் தோண்ட விடாதீர்கள். காற்று வரும் என்று பயந்து பச்சை மட்டைகளை மழித்துவிட்டுக் குருத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். அது மரத்துக்குப் பலம் தராது. பட்டினியும் காயமும்தான் தரும்.

இந்த ஆவணியில் வீட்டில் ஒரு மூன்றடிக் குழி தோண்டி உங்கள் மண் எது என்று பாருங்கள். வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இடம் பத்தடி என்றால் தென்னை, ஐந்தடி என்றால் பாக்கு, வேலியோரம் என்றால் சிற்றீச்சை. இடமே இல்லை என்றால், பனம்பழம் விழும் நேரத்தில் நாலு கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, பொறுப்பாளர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு பள்ளி வளாகத்துக்கோ ஏரிக்கரைக்கோ போய்ப் புதைத்துவிட்டு வாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஒரு சாண் ஆழம் தோண்ட ஒரு கடப்பாரை போதும்.